தெரிஞ்ச ஆளும் வேலை தெரிஞ்ச ஆளும்

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ஆரைக் கேட்டு எழுதினீர் என்று கேட்பார். தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் தனியாகக் குடியிருந்தார். மேல்தளத்தில் நானும் மனைவியும் எங்கள் மூன்று மாதக் குழந்தையும். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். முடியைக் கழுத்தோடு கத்தரித்திருப்பார். ஆண்கள் போடும் கறுப்பு ஜாக்கெட் ஒன்று, கோடையிலும் அதுதான். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போவார். லண்டனுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் பிரான்சில் இருந்தவர். எதையாவது எண்ணும்போது மட்டும் வாயில் பிரெஞ்சு வரும். கணவர், பிள்ளைகள் பற்றிய பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. யாராவது எடுத்தால், அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார்.

குளிர் தொடங்கும் வாரத்தில் அக்காவின் தொலைபேசி ஓயாது. ஹீட்டிங் வேலை செய்யவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கேட்பார்கள். அவர் பிளம்பர் இல்லை. ஒரு ஸ்குரூட்ரைவரைக்கூட அவர் கையில் நான் கண்டதில்லை. ஆனால் எதற்கு யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது என்பதில் அவருக்கு இருந்த தெளிவு வேறு ஒருவருக்கும் இருக்கவில்லை. முதலில், வீடு சொந்தமா வாடகையா என்று கேட்பார். வாடகை என்றால், நீங்கள் ஒருவரையும் கூப்பிடத் தேவையில்லை, வீட்டுக்காரருக்கு எழுதுங்கள், கதைக்க வேண்டாம், எழுதுங்கள் என்பார். அடுத்தது, அறைகளுக்குச் சூடு தரும் ரேடியேட்டர் எல்லாமே குளிர்ந்துபோய் இருக்கிறதா, ஒன்று மட்டுமா. ஒன்று மட்டும், அதிலும் மேல்பாதிதான் குளிர் என்றால் உள்ளே காற்று நிற்கிறது. கடையில் விற்கும் சின்னச் சாவியால் திறந்து காற்றை வெளியேற்றினால் போதும், ஆளே வேண்டாம். கடைசியாக, காஸ் மணம் வருகிறதா என்பார். வருகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அக்காவின் குரலே மாறும். வெளியே போங்கள், லைட்டைத் தொடாதீர்கள், வெளியில் நின்று அவசர நம்பருக்கு அடியுங்கள், எனக்கு அடிக்காதீர்கள். அத்தோடு வைத்துவிடுவார்.

சவுத்தாலில் இருந்த அவருடைய சிநேகிதி ஒருவர் அப்படி ஒருநாள் அழுதபடி தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். பாதிச் சொல்லில் அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். சிநேகிதி வெளியே ஓடி, அவசரத்துக்கு அடித்து, ஆட்கள் வந்து காஸை நிறுத்தி, எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற மனவருத்தத்தில் அவர் இரண்டு மாதம் அக்காவோடு கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி இதைப்பற்றிக் கேட்டாள். அக்கா கோப்பையை வைக்காமலே சொன்னார்: "இரண்டு மாசம் கோவிச்சுக்கொண்டு இருக்கிறதுக்கு ஆள் உயிரோட இருக்கிறாதானே, பிள்ளை."

எங்கள் ஆட்களுக்கு இந்தப் போக்கு பிடிபடவில்லை. இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'தெரிஞ்ச ஆள்' ஒருவர் இருப்பார். மாபிள் பதிப்பார், சுவருக்குப் பெயின்ட் அடிப்பார், அடைத்த குழாயைத் திறப்பார், வீட்டைச் சூடாக்கும் பொயிலரையும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்து, சோறு சாப்பிட்டு, ஊர்க்கதை கதைத்து, வேலையை முடித்துவிட்டுப் போவார். அவரிடம் தகுதிப் பத்திரம் கேட்பது அவரை அவமதிப்பதுபோல. அக்கா அதைத்தான் கேட்பார். "தெரிஞ்ச ஆள் எண்டு எனக்குச் சொல்லாதையும். வேலை தெரிஞ்ச ஆளோ, அதைச் சொல்லும்." இதை அவர் என்னிடம் மட்டும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

எங்கள் வீட்டுக்காரரும் தமிழர்தான். கடை வைத்திருந்தார். தமிழ்ப் பாடசாலை விழாக்களில் முன்வரிசையில் இருக்கும் மனிதர். நான் இந்த நாட்டில் வாடகை கட்டியதற்கான சான்று எதுவும் இல்லாமல், ஏஜென்ட் அலுவலகம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் மேல்வீட்டைத் தந்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இருந்தது. அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்ல என் நாக்கு எழும்பாது.

அந்த ஜனவரியில் பனி கொட்டிய ஒரு திங்கட்கிழமை காலை பொயிலர் நின்றுவிட்டது. முழு வீட்டுக்கும் ஒரே பொயிலர். அது அக்கா சமைக்கும் குசினியின் சுவரில் இருந்தது. அந்த வாரம் அக்கா லீவில் வீட்டில் நின்றார். உள்ளே ஏதோ கொதிப்பதுபோல் களகளவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றது என்றார் அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு மெசேஜ் எழுதினார். நான் தொலைபேசியில் சொன்னேன். அன்று மத்தியானமே வீட்டுக்காரரின் மச்சான் கருவிப் பையோடு வந்துவிட்டார். நல்ல மனிதர், கலகலப்பாகக் கதைப்பவர். எங்கள் குளியலறைத் தரையைப் பதித்ததும் அவர்தான்.

அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். காஸ் வேலை செய்வதற்கான பதிவு அட்டையைக் காட்டச் சொன்னார். மச்சான் சிரித்தார். இருபது வருடமாகப் பொயிலர் பார்க்கிறேன், எத்தனை வீட்டில் கேளுங்கள் என்றார். அட்டைக்கு முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் இருக்கிறது, எந்த எந்த வேலைக்கு அனுமதி என்று அதில்தான் எழுதியிருக்கும், இரண்டையும் காட்டினால் உள்ளே வரலாம் என்றார் அக்கா. மச்சானின் முகம் கறுத்தது. நான் படியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, நீயாவது சொல்லப்படாதோ என்பதுபோல் கையை விரித்தார்.

செவ்வாய்க்கிழமையும் வீடு பனிக்கட்டி. அறைக்குள்ளேயே ஜாக்கெட்டோடு இருந்தோம். குழந்தையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, மூன்று போர்வை. அன்று பின்னேரம் ஷிப்ட் முடிந்து வந்ததும் நேரே அக்காவின் கதவைத் தட்டினேன். கோபத்தில் மரியாதையை மறந்துவிட்டேன். மேலே பிள்ளை விறைக்கிறது, உங்களுக்குப் பிள்ளை இல்லாததால் விளங்கவில்லை என்று சொன்னேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"பிள்ளை இருக்கிறபடியால்தான் தம்பி அந்த ஆளை விடேல்லை. இந்தப் பொயிலரின்ர புகைக்குழாய் உங்கட அறைச் சுவருக்குள்ளால போகுது. நான் தனிய இருந்தால் ஆபத்து எனக்கு மட்டும்தான்."

பிறகு உள்ளே போய், எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து என் காலடியில் நிறுத்தினார். என்னிடம் இன்னொன்று இருக்கிறது, கொண்டுபோம் என்றார். கொண்டுபோனேன். அடுத்தநாள் காலை என் மனைவி அவருக்குச் சூப் கொண்டு போனபோதுதான் தெரிந்தது, அங்கே இன்னொன்று இருக்கவில்லை. குசினியில் அக்கா மூச்சு விட்டபோது வாயிலிருந்து புகையாக வந்ததாம். மனைவி ஹீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அக்கா கதவைத் திறக்கவில்லை.

புதன்கிழமை அவர் மேலே வந்தார். கையில் ஒரு தாள். உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் முறைப்பாடு. எழுத்து கோணல், இங்கிலீசு கோணல், ஆனால் நாள், நேரம், யாருக்கு எப்போது சொன்னது எல்லாம் ஒன்றும் பிசகாமல் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. அதற்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

வீட்டுக்காரர் அதற்கிடையில் என்னோடு கதைத்திருந்தார். எங்களுக்குள் நடப்பதை எதற்காக வெள்ளைக்காரனிடம் கொண்டுபோக வேண்டும், உம்முடைய நிலைமை தெரிந்துதானே வீடு தந்தேன் என்று மென்மையாகத்தான் சொன்னார். அந்த மென்மை எனக்குப் போதுமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். தாளை மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு குறையும் சொல்லாமல் இறங்கிப் போனார். ஒவ்வொரு படிக்கும் மெல்லிய குரலில் பிரெஞ்சில் ஒரு எண் கேட்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவரே கவுன்சிலுக்கு அடித்தார். நான் கதைத்துத் தரட்டுமா என்று, செய்யாததை ஈடுகட்டும் ஆசையில் கேட்டேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் எனக்கு என்ன வேணும் எண்டு தெரியும்" என்று சொல்லிவிட்டார். தொலைபேசியை மேசையில் வைத்து, காத்திருப்போருக்குப் போடும் பாட்டு அதில் ஓட, வெங்காயம் உரித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். யாரோ எடுத்ததும் நான்கு சிறு வாக்கியங்கள். ஹீட்டிங் இல்லை. மேலே குழந்தை. வீட்டுக்காரருக்குத் தெரியும். நான்கு நாள். மறுமுனையில் இருந்தவர் வேறு பிரிவுக்கு மாற்றினார். அதே நான்கு வாக்கியம். இன்னொரு பிரிவு. அதே நான்கு, அதே வரிசையில், குரல் ஒரு இழைகூட உயராமல். மூன்றாவது ஆள், வீட்டுக்காரரின் நம்பரைக் கேட்டு வாங்கினார்.

கவுன்சில் கதைத்த பிறகு வீட்டுக்காரர் அனுப்பிய பதிவுள்ள ஆள் வெள்ளிக்கிழமை காலை வந்தார். போலந்துக்காரர், நரைத்த மீசை. அக்கா கேட்குமுன் அட்டையை நீட்டினார். அக்கா அதைத் திருப்பி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து, திரும்பக் கொடுத்து, சப்பாத்துக் கழற்றத் தேவையில்லை என்று வழிவிட்டார். வீட்டுக்காரரும் மச்சானும் கூடவே வந்திருந்தார்கள்.

அந்த மனிதர் பொயிலரைப் பார்த்தார். அதன் சின்னத் திரையில் தெரிந்த பழுது எண்ணைப் பார்த்தார். பிறகு பின்வளவுக்குப் போய், சுவரிலிருந்து வெளியே வந்து கீழே இறங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைத் தட்டிப் பார்த்தார். பொயிலரிலிருந்து கழிவுநீர் வெளியேறும் குழாய் அது. உள்ளே ஐஸ் கட்டியிருந்தது. அக்காவிடம் தண்ணீர் சுடவைக்கும் கேத்திலைக் கேட்டார். இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு தடவை ஊற்றினார். பத்து நிமிடத்தில் பொயிலர் உறுமிக்கொண்டு தொடங்கியது.

மச்சான் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். இதற்குத்தானா ஐந்து நாள் என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு கேத்தில் தண்ணீருக்காக என் குழந்தை ஐந்து நாள் குளிரில் கிடந்திருக்கிறது. அக்கா இப்போது என்ன சொல்வார், தலைகுனிவாரா என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், குனிய வேண்டும் என்று விரும்பினேன்.

அவர் குனியவில்லை. கேத்திலை வாங்கி இருந்த இடத்தில் வைத்தார். "தண்ணிதான் எண்டு இப்ப தெரியுது. வேலை தெரிஞ்ச மனுசன் வந்து பாத்தபடியால் தெரியுது" என்றார். பிறகு, கடைசியாக இந்தப் பொயிலரைப் பரிசோதித்த பத்திரம் எங்கே என்று அந்தப் போலந்துக்காரர் வழக்கமான குரலில் கேட்டார். வாடகை வீடென்றால் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, குடியிருப்பவர் கையில் அந்தப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மச்சானின் சிரிப்பு நின்றது. பத்திரம் இருக்கவில்லை. ஒரு வருடமும் இருந்ததில்லை.

கதை எங்கள் ஆட்களிடையே வேறு மாதிரிப் பரவியது. ஒரு கேத்தில் சுடுதண்ணீருக்காகத் தமிழனைக் கவுன்சிலில் மாட்டிவிட்ட பெண் என்று. தைப்பூசத்துக்கு நாங்கள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம்; அக்காவும் எங்களோடு வந்தார். கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒரு அம்மா பக்கத்து ஆளிடம், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, சொந்தச் சனத்தைக் காட்டிக் கொடுக்கிறதுகள் எல்லாம் கும்பிட வருகுதுகள் என்றார். அந்தச் சொல் போர் நடந்த எங்கள் ஊரில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லால் ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை அசையாமல் நின்றது.

"ஓம், காட்டிக் குடுத்தனான்" என்றார் அக்கா, சாதாரணமாக. "பொயிலரைக் காட்டிக் குடுத்தனான். திருப்பியும் நிண்டால் திருப்பியும் காட்டிக் குடுப்பன்."

அந்த அம்மா திரும்பிக்கொண்டார். அக்கா சாப்பாட்டை வாங்கி, ஓரமாக இருந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார். திரும்பி வரும் ரயிலில்தான் நான் நீண்ட நாளாக நினைத்திருந்ததைக் கேட்டேன். பிரான்சில் ஏதாவது நடந்ததா, தெரிந்தவர் யாரும் காஸில் செத்துப்போனார்களா என்று. அப்படி ஒரு கதை எங்கள் ஆட்களிடையே உலாவியது. ஒருவர் தம்பி என்பார், இன்னொருவர் கணவர் என்பார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். "ஒண்டும் நடக்கேல்லை. ஏன் தம்பி, ஏதும் நடந்தால்தானோ ஒரு மனுசி கேள்வி கேக்கலாம்?"

மார்ச் மாதம் வீட்டுக்காரர் அக்காவுக்கு நோட்டீஸ் கொடுத்தார். இரண்டு மாதத்தில் வெளியேற வேண்டும். எனக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை பழங்களோடு மேலே வந்து, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, கீழ்வீடு வெறுமையானதும் நீங்களே எடுங்கள் என்றார். வளவு இருக்கிறது, பிள்ளை ஓடி விளையாடும், பெரிய குசினி, வாடகையும் இதே வாடகைதான். வளவில் என் மகள் நடப்பதை மனதுக்குள் ஒருகணம் பார்த்துவிட்டேன் என்பதை மறைக்கமாட்டேன்.

அவர் போனதும் என் மனைவி பழங்களைப் பையோடு தூக்கி வாசல் கதவடியில் வைத்தாள். "அந்த மனுசி எங்களுக்கு ஹீட்டரைத் தந்திட்டு விறைச்சுக்கொண்டு இருந்தவ. அவவின்ர குசினிக்குள்ள நிண்டு நான் சமைக்கமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் போய் இருங்கோ."

மறுநாள் வீட்டுக்காரரின் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் போகும்வரை பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்களுக்குக் கீழ்வீடு வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்டார். ஜனவரியில் நடந்ததெல்லாம் எனக்கும் தெரியும், யார் கேட்டாலும் நடந்தபடி சொல்வேன் என்றேன். நோட்டீஸ் உமக்கும் வரலாம் என்றார் அவர். வரட்டும் அண்ணை என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று பஸ் தரிப்பு வரும்வரை எனக்கே சந்தேகமாக இருந்தது.

அக்காவுக்குக் கொடுத்த நோட்டீஸ் சட்டப்படி செல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனைப் பத்திரம் கையில் கொடுக்காத வீட்டுக்காரர் அப்படி ஒரு நோட்டீஸால் ஆளை வீட்டிலிருந்து எழுப்ப முடியாது. அக்கா அந்த வீட்டில் மேலும் நான்கு குளிர்காலம் இருந்தார். ஒவ்வொரு வருடமும் பத்திரம் வந்தது, புன்னகை இல்லாமல். பிறகு ஒருநாள், யாரும் போகச் சொல்லாதபோது, தங்கையோடு இருக்கப் பாரிசுக்குப் போய்விட்டார். அதற்கு முன்பே நாங்கள் வேறு இடம் மாறிவிட்டோம். எங்களுக்கும் நோட்டீஸ் வந்தது, நாங்கள் எதிர்க்கவில்லை. அக்காவின் துணிச்சல் எங்களுக்கு முழுதாக ஒட்டிக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் செல்லாது என்பது தெரியாத நாட்களில், குரோய்டனில் இருந்த ஒரு இலவச ஆலோசனை நிலையத்துக்கு அக்கா போனார். அங்கே காலையில் போய் வரிசையில் இருக்க வேண்டும். என் ஷிப்டை மாற்றிக்கொண்டு, சொல்லாமல் நானும் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறைந்திருந்தது. அக்கா அந்தக் கறுப்பு ஜாக்கெட்டோடு, மடியில் கடித உறை ஒன்றை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

"பிந்தித்தான் வாறீர்" என்றார். பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். "இரும்."

இரண்டு மணி நேரம் இருந்தோம். அக்காவின் வரிசை எண்ணைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்து உள்ளே போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பெண் கடிதங்களை வாங்கினாள். என்னைப் பார்த்து, இவர் உங்கள் உறவினரா, மொழிபெயர்க்க வந்தவரா என்று அக்காவிடம் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

அக்கா முந்திக்கொண்டார். "நோ" என்றார். "விட்னஸ்."